மண்ணைக் காத்த காசு யாருடையது?

தோட்டத்து மண்ணைக் காக்க வேண்டும், ஆற்றைக் காக்க வேண்டும், காட்டுயிர்களைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான செலவை யார் ஏற்பது? அரசாங்கமா, தோட்ட நிறுவனமா, ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரா? எந்த அரங்கிலும் பேச்சு சூடுபிடிப்பது இந்தக் கேள்வியில்தான். மலேசியாவில் இதற்கு நூறாண்டு வரலாறே பதிலாக இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து தெற்கே செல்லும் கொமியூட்டர் இரயில் சாலாக் செலாத்தானைக் கடந்து செர்டாங், காஜாங், பாங்கி என்று போகிறது. வடக்கே போனால் சுங்கை பூலோ. பாங்கி வட்டாரத்தில் செம்பனை வாரியத்தின் தலைமையகம். சுங்கை பூலோவில் இரப்பர் ஆராய்ச்சிக்காக ஒதுக்கப்பட்ட நிலம். அன்றாடம் இந்தப் பாதையில் வேலைக்குப் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இந்த இரண்டு ஆய்வு நிலையங்களும் அரசு கஜானாவை மட்டும் நம்பி எழுந்தவை அல்ல என்று? பால்மரமும் செம்பனையும் தந்த விளைச்சலிலிருந்து பிடித்த காசும் அவற்றை வளர்த்தது.

சுத்தம் செய்த கேடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. மரங்களுக்கிடையே ஒரு புல்கூட முளைக்கக் கூடாது. துரைமார்களின் கண்ணுக்கு அதுதான் நல்ல தோட்டம். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த ஆண்களும் பெண்களும் மண்வெட்டி பிடித்துத் தரையைத் துடைத்து வைத்தார்கள்.

விளைவு என்ன? சரிவான நிலத்தின் மேல்மண் ஒவ்வொரு மழையிலும் கரைந்து ஓடியது. ஈயச் சுரங்கங்களின் கழிவு மண்ணும் அதோடு சேர்ந்து ஆறுகளை மேடாக்கியது. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த சங்கமம் என்றுதான் பொருள். அந்த நகரம் 1926 டிசம்பரில் பெருவெள்ளத்தில் மூழ்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறுதோட்டக்காரர்கள் நெருக்கமாக மரம் நட்டு, அடியில் செடி கொடிகளை வளரவிட்டார்கள். அதைப் பார்த்து 'அழுக்குத் தோட்டம்' என்று முகம் சுளித்தவர்கள் பலர். 1930களில் ஆய்வாளர்கள் உண்மையை உணர்ந்தபோது, அந்த 'அழுக்கு'தான் மண்ணைக் காத்தது என்பது தெரிய வந்தது.

பவுண்டுக்கு இத்தனை காசு

1925இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டப்படி தோற்றுவிக்கப்பட்டது. அதற்கான பணம், ஏற்றுமதியாகும் இரப்பரின் எடையைக் கணக்கிட்டுப் பிடிக்கப்பட்ட 'செஸ்' என்னும் சிறப்பு வரியிலிருந்து வந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆய்வு நின்றுவிடாமல் இருக்க அது உதவியது.

அந்தப் பணத்தில் நடந்த ஆய்வுகள் மூடுபயிரைத் தோட்டத்துக்குள் கொண்டு வந்தன. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் போன்ற அவரை இனக் கொடிகள் தரையைப் போர்வைபோல மூடின. மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் தடுத்தன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாகக் கொடுத்தன. சரிவுகளில் படிக்கட்டு வரப்புகளும், வண்டலைப் பிடிக்கும் குழிகளும் வந்தன. எந்தக் கைகள் புல்லைச் செதுக்கினவோ, அதே கைகள்தான் இவற்றையும் வெட்டின.

வரி எல்லார் இரப்பருக்கும் பொது. பலன் முதலில் போய்ச் சேர்ந்ததோ பெருந்தோட்டங்களுக்கு. சிறுதோட்டக்காரர்களை நாடிச் சென்று ஆலோசனை சொல்லும் பணி 1930களின் நடுவில்தான் தொடங்கியது.

போருக்குப் பிறகு இந்தக் கோணல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1952இல் மறுநடவு நிதி ஏற்படுத்தப்பட்டு, பவுண்டுக்கு 4½ காசு பிடிக்கப்பட்டது. பெருந்தோட்டங்கள் கட்டிய பணம் அவற்றின் உற்பத்தி அளவுக்கேற்பத் திரும்பி வந்தது. சிறுதோட்டக்காரர் கட்டியது பொதுநிதிக்குப் போனது. பழைய மரத்தை வெட்டிப் புதிதாக நட்டால்தான் ஏக்கருக்கு 400 வெள்ளி மானியம். அதுவும் வேலையைக் கட்டம் கட்டமாகப் பார்வையிட்ட பிறகுதான்.

இரண்டு ஏக்கரை மட்டும் நம்பி வாழும் குடும்பம் மரத்தை வெட்டிவிட்டால், புதுமரம் பால் தரும்வரை ஆறேழு ஆண்டுகள் எதைத் தின்பது? அதனால் பரம ஏழைகள் மரத்தை வெட்டவில்லை. வெட்டாதவர்கள் கட்டிய வரி, வெட்ட வசதி இருந்தவர்களுக்கு மானியமாகப் போனது. பொருளியல் அறிஞர்கள் பிற்காலத்தில் சுட்டிக்காட்டிய குறை இது. 1973இல் தொடங்கப்பட்ட ரிஸ்டா அமைப்பு சிறுதோட்டக்காரர்களைத் தனியாகக் கவனிக்க வந்ததன் பின்னணியும் இதுதான்.

பத்து வெள்ளிப் புரட்சி

வரி கட்டியவர்களுக்காவது நிலம் இருந்தது. பால்மரம் சீவிய தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பியபோது, அவை துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டன. துண்டாடலால் உற்பத்திக்கும் தொழிலாளர் வாழ்வுக்கும் நேர்ந்த பாதிப்பைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதினார். உடனடி இலாபத்துக்காக வாங்கியவர் இருபது ஆண்டு கழித்துப் பலன் தரும் மண்பராமரிப்புக்கு எங்கே செலவு செய்வார்?

அந்த நேரத்தில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் மேலும் பல தோட்டங்கள். அந்தப் பத்து வெள்ளி ஒரு தோட்டத்தைச் சிதறாமல் காத்த பணம். நிலத்தைக் காக்கும் திட்டத்துக்கு ஏழைகளும் நிதி திரட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கூட்டில் குடியேறிய ஆந்தை

பால்மரம் குறைந்து செம்பனை பெருகியபோது புதிய தொல்லைகள் வந்தன. செம்பனைப் பழத்தை எலிகள் கடித்துத் தீர்த்தன. நஞ்சு வைத்துப் பார்த்தார்கள். மறுபுறம் கூகை ஆந்தையைக் கவனித்தவர்களும் இருந்தார்கள். 1960களின் இறுதிவரை தீபகற்ப மலேசியாவில் அபூர்வமாக இருந்த பறவை அது. ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டியது கண்டறியப்பட்டதும் ஆய்வுகள் தொடங்கின. கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்தால் போதும், ஆந்தை குடியேறிவிடும். ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்றுவிடும்.

ஆந்தை அலறினால் வீட்டுக்குக் கேடு என்று சொல்லி வளர்ந்த சமூகம் நம்முடையது. அதே ஆந்தை இன்று செகிஞ்சான் நெல்வயல் வரை விவசாயியின் கூட்டாளி. ஒரு பெட்டிக்கு ஆகும் செலவும் சொற்பம், சிறுதோட்டக்காரருக்கும் எட்டக்கூடியது.

எல்லாப் புதுமையும் அப்படி எட்டிவிடுவதில்லை. 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம், மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி வரிசைகளுக்கிடையே மக்கவிடும் முறையைக் கையாண்டது. புகை இல்லை, மரத்தின் சத்து மண்ணுக்கே திரும்பியது. 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருது கிடைத்தது. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு, 1999இல் ஆசியான் நாடுகள் எரிக்காத முறையையே கொள்கையாக ஏற்றன. ஆனால் மரத்தைச் சாய்த்துத் துண்டாக்கக் கனரக இயந்திரம் வேண்டும். மக்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகும், அதற்கும் செலவு. பெரிய நிறுவனம் தாங்கும். பத்து ஏக்கர்காரர்?

பணமும் சபையும்

அமெரிக்காவில் 1935இல் மண் பாதுகாப்புத் துறை உருவானது. 2002ஆம் ஆண்டு பண்ணைச் சட்டம், விவசாய நிலத்தில் புதுப் பாதுகாப்பு முறைகளைச் சோதிக்கவென்றே தனி மானியத்துக்கு வழி செய்தது. அங்கே பணம் பொது வரியிலிருந்து வருகிறது. மலேசியாவில் 2006இல் அமைந்த செம்பனை வனவிலங்குப் பாதுகாப்பு நிதியின் தொடக்கத் தொகை 2 கோடி வெள்ளி. பாதி அரசுடையது, பாதி செம்பனைத் துறையுடையது. சபாவின் வனவிலங்கு மீட்புப் படைக்கு அந்த நிதி கைகொடுத்தது. 2020 முதல் செம்பனைக்கு எம்.எஸ்.பி.ஓ. நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயமானபோது, சிறுதோட்டக்காரர்களின் சான்றிதழ்ச் செலவுக்கு அரசு உதவியது. பழைய கோணலைக் கொஞ்சம் நிமிர்த்திய செயல் அது.

நூறாண்டு சொல்லும் பாடம் எளிது. விளைச்சலிலிருந்து சிறு தொகை பிடித்து அதையே மண்ணுக்குத் திருப்புவது நல்ல ஏற்பாடு. அது இல்லாவிட்டால் மூடுபயிர் ஆய்வு அவ்வளவு சீக்கிரம் வளர்ந்திருக்காது. ஆனால் காசு கொடுத்தவர் அத்தனை பேருக்கும், அதை எப்படிச் செலவிடுவது என்று சொல்லும் இடம் கிடைக்கவில்லை. இனி எந்தப் பசுமை நிதி அறிவிக்கப்பட்டாலும் எத்தனை கோடி என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சபையில் சிறுதோட்டக்காரருக்கு நாற்காலி உண்டா, மண்வெட்டி பிடித்தவரின் பிள்ளைக்கு இடம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பத்து வெள்ளி கட்டிய தொழிலாளிக்குத் தன் தோட்டத்தில் பங்கு இருந்தது. மண்ணைக் காக்கும் நிதிக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.