கால்பந்தாட்டமும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும்

பந்தாட்டம் தமிழர்க்குப் புதியதன்று. பெருங்கதையின் வத்தவ காண்டத்துள் ‘பந்தடி கண்டது’ என ஒரு பகுதியே உண்டு. எனினும், ஆங்கு ஆடுவோர் மகளிர். பந்தைக் கையால் அடித்து ஆடுவது அது. அணி வகுத்துக் காலால் ஆடும் இக்காலக் கால்பந்தாட்டம் ஆங்கிலேயர் வழி வந்தது. அது நம் பள்ளிகளுட் புகுந்த வாயில்களுள் ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

ஆதம்பாக்கத்திற்கு வடக்கே, அடையாற்றின் அக்கரையில் உள்ள சைதாப்பேட்டை ஆசிரியப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஊர். 1856இல் அரசு தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே பின்னர் அங்குக் கல்லூரியாய் விளங்கிற்று. ஆயினும், அக்காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் படையினின்று ஓய்வுபெற்றோர் நடத்திய ‘டிரில்’ ஆகவே இருந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றச் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை நிறுவினார். முதற்கண் சேர்ந்தோர் 5 பேரே; ஓரணிக்கு வேண்டும் 11 பேரிற் பாதியும் நிரம்பவில்லை. இக்கல்லூரி பின்னர்ச் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் நிலைபெற்றது.

பிற கல்லூரிகளின் ஆட்டப்பருவம் வெற்றியை நாடுவது. பயிற்சிக் கல்லூரியின் அணியோ பயிற்சிக் காலம் முடிந்ததும் கலைவது. அங்ஙனம் கலைதலே அதன் பயன். ஆடியவர் ஆசிரியராகி, ஆட்ட விதிகளையும் ஊதலையும் தாம் பணியேற்ற பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர். ஆதலின், வென்ற கோப்பைகளை எண்ணி இத்தகைய அணியை மதிப்பிடுதல் பொருந்தாது. அதன் வரலாற்றை ஊர்ப் பள்ளிகளின் ஆடுகளங்களிலேயே தேடுதல் வேண்டும்.