கம்பித் துளையும் கருப்பு மையும்

பழைய ஸ்டாம்பைக் கொண்டுவந்து “அண்ணாச்சி, இது என்ன பெறும்?” என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது ராஜா தலையை அல்ல, அந்தத் தலையில் எங்க ஆள் எப்படிக் குத்தியிருக்கிறான் என்பதைத்தான். சாத்தான்குளம் வட்டாரத்துத் தபால் ஆபீஸ்களில் முத்திரை குத்தியே காலம் கழித்தவன் நான். கை ஓங்கும்போதே மை எப்படி விழும் என்று தெரியும்.

சேகரிப்பவர்கள் உபயோகித்த ஸ்டாம்புக்கு ‘சூப்பர்ப்’, ‘வெரி ஃபைன்’, ‘ஃபைன்’ என்று தரம் போடுவார்கள். முகத்தை மறைக்காத லேசான முத்திரைக்குத்தான் மேல் தரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1840இல் இங்கிலாந்தில் வந்த கருப்புப் பென்னி ஸ்டாம்பில் சிவப்பு மையால் குத்தினார்கள். ஜனங்கள் அதை அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். அதனால் அடுத்த வருஷமே ஸ்டாம்பைச் சிவப்பாக்கி, முத்திரை மையைக் கருப்பாக்கினார்கள். 1854 அக்டோபரில் இந்தியா முழுமைக்கும் ஸ்டாம்ப் வந்தபோதும் அந்தப் பயம் கூடவே வந்தது. வைர வடிவில் புள்ளிப் புள்ளியாக இருந்த கட்டையால் விக்டோரியா ராணியின் முகத்தையே மூடினார்கள். அப்படி அடிப்பதுதான் உத்தியோகம். இன்றைக்கு ‘வெரி ஃபைன்’ என்று கண்ணாடிக் காகிதத்தில் வைத்து விற்கும் ஸ்டாம்ப் பலதும், கடமையில் கொஞ்சம் அசந்த குமாஸ்தாவின் உபயம்.

கல்கத்தாவில் கல்லச்சில் அடித்த அந்த முதல் ஸ்டாம்புகளுக்கு ஓரத்தில் பல் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்டவேண்டும். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் மிஞ்சியிருந்தால் நல்ல பிரதி. கோட்டைத் தொட்டு வெட்டியிருந்தால் விலை விழும். நாலணா ஸ்டாம்பின் சித்திரம் எண்கோணம். 1859இல் இலங்கையில் வந்த நாலு பென்ஸ் ஸ்டாம்பும் எண்கோணம்தான். அழகு பார்த்த புண்ணியவான்கள் அந்த வடிவத்தை ஒட்டியே எட்டு மூலையாக வெட்டினார்கள். விலையில் பெரும்பங்கு அந்தக் கத்தரியோடு போயிற்று. லண்டனில் டி லா ரூ கம்பெனி அச்சடித்து அனுப்பத் தொடங்கிய பிறகுதான் நமக்குப் பல் வைத்த ஸ்டாம்ப் வந்தது. அதற்கப்புறம் பல் ஒடிந்திருக்கிறதா, சித்திரம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் ஸ்டாம்புகளுக்கு வந்த கேடுகளை எந்தக் கேட்டலாக்கும் தனியாகச் சொல்லாது. இந்தப் பக்கத்தில் கொழும்புக்குப் போகாத குடும்பம் குறைவு. 1914க்கு முன்னால் தூத்துக்குடிக் கப்பலிலும், அதன்பிறகு தனுஷ்கோடி–தலைமன்னார் வழியாகவும் கடிதம் வந்துகொண்டே இருந்தது. ரப்பர் பால் எடுப்பதும், தேயிலை பறிப்பதும், கொழும்புத் துறைமுகமுமாக 1935இல் வந்த இலங்கை ஸ்டாம்புகள் இங்கே நிறையக் கிடைக்கும். படித்த கடுதாசியை வீட்டில் கம்பியில் குத்தி மாட்டுவார்கள். கம்பி பெரும்பாலும் நடுவில் ஏறும். ஸ்டாம்ப் மூலையில் தப்பிக்கும். தபாலை மடித்துக் குத்தினால் தப்பாது. துளையைச் சுற்றிக் கம்பித் துரு வட்டமாகப் பரவும். அதுபோக ராமபாணப் பூச்சி வேறு.

அடுத்தது ரசீது. 1906 முதல் அரையணா, ஓரணா ஸ்டாம்புகளில் தபாலுக்கும் வருவாய்க்கும் என்று சேர்த்தே அச்சடித்தார்கள். 20 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினால் ஓரணா ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். கருப்பட்டி வியாபாரி குறுக்கே கையெழுத்துப் போட்ட எட்வர்டு ராஜாவை ஸ்டாம்ப் வியாபாரி தொடமாட்டார். அந்தக் கையெழுத்தைக் கழுவிப் போலி முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. சாய்த்துப் பிடித்தால் பேனா கீறிய தடம் காகிதத்தில் தெரியும்.

கழுவுவதற்கு எதிரான ஏற்பாட்டை மையிலேயே வைத்திருந்தது டி லா ரூ. அவர்களுடைய ஊதாவும் பச்சையும் தண்ணீர் பட்டால் கரையும். கவரிலிருந்து பிரிக்கிறேன் என்று வெந்நீரில் போட்டு வெளுப்பாக்கிய ஸ்டாம்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாசலில் வெயிலில் உலர்த்தினவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

கனத்த முத்திரை எல்லாமே கழிசடை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிங்கப்பூரில் 1867 வரை இந்திய ஸ்டாம்புதான் செல்லுபடி. விக்டோரியா ஸ்டாம்ப் மேல் ‘பி 172’ என்ற எண் விழுந்திருந்தால் அது சிங்கப்பூரில் ஒட்டியது. அந்தக் கருப்புக்குத்தான் காசு. பர்மாவும் 1937 வரை நம் ஸ்டாம்பையே ஒட்டியது. ரங்கூன் முத்திரை இல்லாவிட்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறாம் ஜார்ஜ் ஓரணா ஸ்டாம்பைத் தனியாகக் கொடுத்தால் டீக்குக் கூடக் காணாது. அதில் ஊர்ப் பேரும் தேதியும் முழுவட்டமாகத் தெரிந்தால், முத்திரை சேர்ப்பவர் கேட்டு வாங்குவார்.

1948 காந்தி ஸ்டாம்ப் கொண்டுவருகிறவர்கள்தான் தனி ரகம். ஸ்விட்சர்லாந்தில் அடித்த அந்த நாலு ஸ்டாம்பில் பத்து ரூபாய்க்குத்தான் மதிப்பு. வருவதெல்லாம் ஒன்றரை அணா. அதைக் காட்டி வீடு கட்டலாமா என்பார்கள்.

கம்பித் துளை விழுந்த ஸ்டாம்புக்கு நானும் தரம் போடமாட்டேன், ஓட்டை ஓட்டைதான். ஆனால் “சாத்தான்குளம், திருநெல்வேலி ஜில்லா” என்று தமிழில் விலாசம் எழுதி, புறப்பட்ட ஊர் முத்திரை முன்னும் வந்து சேர்ந்த முத்திரை பின்னுமாக இருக்கிற கவர் என்றால், துளையோடு அப்படியே கொண்டுவாருங்கள் என்கிறேன். ஸ்டாம்பை மட்டும் கிழித்து வந்தவர்களிடம், மீதிக் கவரை அடுப்பில் போட்டாயிற்றா என்றுதான் முதலில் கேட்பேன்.