கிராமியச் சேவைப் பட்டயம்

கிராமியச் சேவைப் பட்டயம் என்பது 1956 ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிக்கப்பட்ட மூன்றாண்டுப் பல்துறைப் படிப்பு ஆகும். அன்றைய மதுரை மாவட்டத்தில் (1985 முதல் திண்டுக்கல் மாவட்டம்), சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்கு அருகே உள்ள காந்திகிராமம் அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று.

பின்னணி

இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948-49) கிராமப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. கே. எல். ஸ்ரீமாலி தலைமையிலான குழு இதற்கு நடைமுறை வடிவம் தந்தது. காந்திகிராமத்தை 1947 இல் மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் நிறுவியிருந்தனர்.

பாடத்திட்டம்

கிராமம் எதிர்கொள்ளும் சிக்கல்கள் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை என்பதே இதன் அடிப்படை. ஒரு கிணற்றைப் பற்றிப் பேச வேளாண்மை, சுகாதாரம், கூட்டுறவுக் கடன் ஆகிய மூன்றும் தேவை. ஆகவே பொதுக்கல்வியுடன் கூட்டுறவு, சமுதாய வளர்ச்சி போன்ற பாடங்கள் இணைக்கப்பட்டன. அருகிலுள்ள ஊர்களில் களப்பணியும் கல்வியின் பகுதியாக இருந்தது.

அங்கீகாரம்

படிப்பின் தரத்தைவிட அதன் பெயரே மாணவர்களுக்குப் பெரும் தடையாயிற்று எனலாம். மத்திய அரசு இப்பட்டயத்தை வேலைவாய்ப்புக்கு இளநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. எனினும் பல பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புச் சேர்க்கைக்கு ஏற்கத் தயங்கின. காந்திகிராம நிறுவனம் 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றது.

பல்துறைப் பட்டங்களுக்கு இச்சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. பணி அறிவிக்கையில் குறிப்பிட்ட பட்டத்தின் பெயரும் விண்ணப்பதாரரின் பட்டத்தின் பெயரும் வேறுபட்டால், தமிழ்நாட்டில் உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை கேட்கப்படுகிறது.