நாடியை எண்ணிய கதை



செம்பனைக் காட்டு மேட்டில் இருவர் ஏறுகிறார்கள். ஒருவர் பேசிக்கொண்டே ஏறுகிறார். மற்றவர் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றுவிடுகிறார். நின்றவரைச் சோம்பேறி என்கிறோம். அது நியாயமா? ஒருவர் படும் பாட்டை வெளியிலிருந்து பார்த்தே அளந்துவிட முடியுமா?

நாடி பிடித்துப் பார்ப்பது மிகப் பழைய வழக்கம். ஆனால், வினாடி காட்டும் கடிகாரம் இல்லாத காலத்தில் துடிப்பின் வேகத்தை அளப்பது எப்படி? இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராக இருந்த மருத்துவர் சாந்தோரியோ (1561-1636) ஒரு வழி கண்டார். நூலில் குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினார். நூல் நீண்டால் ஆட்டம் மெதுவாகும், குறுகினால் வேகமாகும். ஆட்டம் நாடியோடு ஒத்துவரும் வரை நூலை நீட்டிக் குறுக்கி, அந்த நீளத்தைக் குறித்துக்கொண்டார். நேற்றைய நாடியை இன்றைய நாடியோடு ஒப்பிட அதுவே உதவியது.

1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபிளாயர், ஒரு நிமிடம் மட்டும் ஓடும் நாடிக் கடிகாரத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். நாடியை நிமிடக் கணக்கில் எண்ணும் முறைக்கு அது வழிகாட்டியது.

ஆயினும், ஓடுகிறவரின் கையைப் பிடித்து எண்ண முடியுமா? இதற்கு விடை பின்லாந்திலிருந்து வந்தது. பேராசிரியர் செப்போ சைனாயாகாங்கஸ் 1977-இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-இல், மார்பில் கட்டிய பட்டை இதயத் துடிப்பை உணர்ந்து, கம்பியின்றி மணிக்கட்டுக் கருவிக்கு அனுப்பும் சாதனம் வெளிவந்தது. பனிச்சறுக்கு வீரர்களும் ஓட்டக்காரர்களும் தங்கள் பயிற்சியின் கடுமையை எண்களால் ஒப்பிடத் தொடங்கினர்.

அந்த எண்ணையும் ஆராய்ந்தே படிக்க வேண்டும். 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்ச வேகம் தோராயமாகக் கிடைக்கும். நாற்பது வயதினருக்கு அது 180. அறுபது வயதினருக்கு 160. ஆகவே, இருவருக்கும் நாடி 120 என்றாலும், பெரியவருக்கே பளு அதிகம். இரத்தச்சோகை உள்ளவரின் இதயமும் அதே வேலைக்குக் கூடுதலாகத் துடிக்கும்.

எங்கள் பள்ளித் திடலில் மாணவர்களை ஓடவிட்டு, உடனே நாடியை எண்ணச் சொன்னோம். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துப் பதினைந்து வினாடி எண்ணி, நான்கால் பெருக்கினார்கள். கடைசியாக வந்த சிறுவனின் எண்ணிக்கையே மிகுதி. முதலில் வந்தவனைவிட அவன்தான் அதிகம் பாடுபட்டிருந்தான்!

நேயர்களே, மேட்டில் ஒருவர் நின்றுவிட்டால் ஏசுவதற்கு முன் அவர் நாடியைத் தொட்டுப் பார்ப்போம். ஓய்வெடுத்த பின்னும் துடிப்பு தணியாவிட்டால் மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வோம்.