மெலிந்த நிரலும் வலைக்கூறுகளின் வரலாறும்

பாஸ்கல் மொழியை வடிவமைத்தவரும் ஜூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவருமான நிக்லாஸ் விர்த், 1995 பிப்ரவரியில் 'கம்ப்யூட்டர்' இதழில் மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருளின் வேகம் எவ்வளவு கூடினாலும் அந்த ஆதாயம் முழுவதையும் மென்பொருளின் பருமன் விழுங்கிவிடுகிறது என்பதும், இன்றியமையாத வசதிக்கும் இருந்தால் நல்லது என்ற வகை வசதிக்கும் இடையிலான வேறுபாட்டை மென்பொருள் செய்வோர் மறந்துவிட்டனர் என்பதும் அவருடைய குற்றச்சாட்டுகள். வெறும் முறையீடாக இது நின்றுவிடாதபடி, தாமும் யூர்க் குட்க்னெக்ட்டும் பெரும்பாலும் இருவராகவே உருவாக்கிய ஓபரான் இயங்குதளத்தை அவர் சான்றாக முன்வைத்தார். அதே ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் விர்த் சுட்டிக்காட்டிய நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் மிகக் கடுமையாகப் பற்றியது, அந்தப் பத்து நாள் மொழியைச் சுற்றி வளர்ந்த இணையத் தொழிலைத்தான்.

மென்பொருளைக் கூறு கூறாகச் செய்து, ஒருவர் செய்த கூறை இன்னொருவர் எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இணையத்தைவிடப் பழையது. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் இதைத் தனிக் கட்டுரையாகவே முன்வைத்தார். ஆனால் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 முதல் செர்ன் ஆய்வகத்தில் வகுத்த வலையில் இதற்கு இடம் இருக்கவில்லை, அதற்கான தேவையும் அன்று இல்லை. ஆவணங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் என்ற குறிமொழி வரையறுக்கப்பட்ட சில குறிச்சொற்களை மட்டுமே கொண்டது; உலாவி தனக்குத் தெரியாத குறிச்சொல்லைக் கண்டால் பிழை என்று நின்றுவிடாமல், அதன் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் காட்டிவிட்டு மேலே செல்லும். இந்தத் தாராளப் போக்கு பிற்காலத்தில் எவ்வளவு பயன்படப்போகிறது என்பதை அன்று எவரும் கணித்திருக்க முடியாது. பக்கங்கள் ஆவணங்களாக இருந்தவரை சிக்கல் எழவில்லை. அவை செயலிகளாக மாறத் தொடங்கியபோதுதான், நாள்காட்டி, தாவல், கீழிறங்கும் பட்டியல் போன்றவற்றைப் பொதுவான குறிச்சொற்களை அடுக்கியே கட்ட வேண்டியிருந்ததும், அப்படிக் கட்டியவற்றுக்கு எல்லைச்சுவர் ஏதும் இல்லாததால் பக்கத்தின் ஓரிடத்தில் எழுதிய அலங்கார விதி வேறோரிடத்தில் போய்க் கெடுத்ததும் கண்ணுக்குப் புலப்பட்டன.

இக்குறையை உலாவி செய்தவர்கள் அறியாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் 1998-இல் 'எச்டிஎம்எல் காம்பொனென்ட்ஸ்' என்ற முன்மொழிவை வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் அளித்து, மறு ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது. மொசில்லா தரப்பில் எக்ஸ்பிஎல் என்ற பிணைப்பு மொழி உருவாகி, 2001-இல் அதே அமைப்பிடம் குறிப்பாகச் சமர்ப்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் சொந்த முகப்பே இதைக்கொண்டுதான் கட்டப்பட்டிருந்தது. எக்ஸ்பிஎல் மொழியின் இரண்டாம் பதிப்பு 2007-இல் தரநிலைப் பரிந்துரைக்கான வேட்பாளர் நிலைவரை சென்றும், எந்த உலாவியும் கையில் எடுக்காததால் ஏட்டளவில் நின்றுபோனது. ஒரு நிறுவனத்தின் உலாவியில் மட்டும் இயங்கும் வசதியை நம்பிப் பொதுமக்களுக்கான தளத்தை எவரும் கட்டமாட்டார்கள் என்ற எளிய உண்மையே இம்முயற்சிகள் அனைத்தையும் முடக்கியது.

உலாவிகள் விட்ட இடத்தை நூலகங்கள் நிரப்பின. 2004-இல் டோஜோ, 2005-இல் புரோட்டோடைப், 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி ஆகியவை அடுத்தடுத்து வந்தன. நூலகம் என்பது நிரலாளர் வேண்டும்போது அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு; பிரேம்வொர்க் என்பது அதற்கு நேர்மாறாக, நிரலாளர் எழுதியதைத் தான் விரும்பும் நேரத்தில் அழைத்து இயக்கிக்கொள்ளும் முழுக் கட்டமைப்பு. 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013-இல் ரியாக்ட், 2014-இல் வியூ என்று இந்த இரண்டாம் வகை தலையெடுத்தபோது, கூறுகளாக எழுதும் வசதி நிரலாளர்களுக்கு முதன்முறையாக முழு அளவில் கிடைத்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. விலையும் இருந்தது. ஒவ்வொரு பிரேம்வொர்க்கின் கூறும் அந்தப் பிரேம்வொர்க்குக்குள் மட்டுமே உயிர் வாழ்ந்தது. ஆங்குலருக்காக எழுதிய நாள்காட்டி ரியாக்டில் செல்லாது. அதோடு, எழுதிய நிரலை உலாவிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தொகுக்கும் கருவிகளும், அக்கருவிகள் சார்ந்திருக்கும் பொதிகளும், அப்பொதிகள் சார்ந்திருக்கும் வேறு பொதிகளும் சேர்ந்து ஒரு நீண்ட சங்கிலியாயின. 2016 மார்ச்சில், ஓர் எழுத்துச்சரத்தின் இடப்புறம் வெற்றிடமோ வேறு எழுத்தோ சேர்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரிப் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம் பொதிக் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், அதைத் தாங்கள் பயன்படுத்துவதையே அறியாத திட்டங்கள் உலகெங்கும் தொகுக்கப்பட முடியாமல் நின்றன.

பிரேம்வொர்க் அலை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மாற்று வழியும் வகுக்கப்பட்டது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவரான அலெக்ஸ் ரஸ்ஸல் டோஜோ நூலகத்தின் நிறுவனர்களுள் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. உலாவியில் இல்லாத ஒன்றை மேலிருந்து ஒட்டவைக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவருக்கு, அந்த வேலை உலாவிக்குள்ளேயே நடந்திருக்க வேண்டியது என்று தோன்றியதில் வியப்பில்லை. கூகுள் குரோம் குழுவில் சேர்ந்த பின், 2011 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஃபிரன்டியர்ஸ் மாநாட்டில் அவர் 'வெப் காம்பொனென்ட்ஸ்', அதாவது வலைக்கூறுகள் பற்றிப் பேசினார். அதே குழுவின் டிமித்ரி கிளாஸ்கோவ் அதற்குச் சில மாதங்கள் முன்பே இதன் அடிப்படைக் கருத்து ஒன்றை விளக்கியிருந்தார்: காணொளியைக் காட்டும் குறிச்சொல்லை ஒருவர் பக்கத்தில் இட்டால், இயக்கும் பொத்தானும் நகர்த்தும் பட்டையும் தாமாகவே தோன்றுகின்றன, அவை உண்மையில் உலாவி தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து எவரும் தொட முடியாத ஒரு மறைவான மரக்கிளையில் உள்ளவை. உலாவி தனக்கென வைத்திருந்த இந்தச் சலுகையை எல்லா நிரலாளர்க்கும் திறந்துவிட வேண்டும் என்பதே கோரிக்கை. ஷேடோ டாம் என்று பெயர் பெற்ற இந்த மறைவிடத்தோடு, புதிய குறிச்சொற்களைப் பதிவுசெய்யும் முறையும், காட்டப்படாமல் அச்சாக மட்டும் பக்கத்தில் காத்திருக்கும் டெம்ப்ளேட் என்ற உறுப்பும் சேர்ந்து வலைக்கூறுகளின் மூன்று தூண்களாயின.

மெலிவை நாடிய இம்முயற்சியின் தொடக்கக் கதை மெலிவானதாக இல்லை என்பதை அதன் ஆதரவாளர்கள் பெரும்பாலும் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர். பிற உலாவிகளுடன் உடன்பாடு எட்டப்படும் முன்பே, 2014-இல் குரோம் முதல் வடிவத்தை வெளியிட்டுவிட்டது. வசதியற்ற உலாவிகளில் அதைப் போலிசெய்து காட்டும் கனத்த நிரலோடு பாலிமர் என்ற நூலகத்தைக் கூகுள் முன்னிறுத்த, வலைக்கூறு என்றாலே பாலிமர்தான் என்ற எண்ணம் பரவியது. கூறுகளைக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளும் நான்காவது வசதியை ஏற்பதில்லை என்று மொசில்லா 2014 டிசம்பரில் அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்டுக்குள் வரவிருந்த மாட்யூல் முறை அந்த வேலையைச் செய்துவிடுமா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்பது அவர்கள் வாதம், அது சரியாகவும் அமைந்தது. 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கிளாஸ் என்ற வகுப்பு அமைப்பு சேர்ந்த பிறகு, எல்லா உலாவிகளும் ஒப்புக்கொண்ட இரண்டாம் வடிவம் அதன்மீது எழுப்பப்பட்டது. குரோமும் ஆப்பிளின் சஃபாரியும் 2016, 2017 ஆண்டுகளிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2018 அக்டோபரிலும், மைக்ரோசாஃப்டின் புதிய எட்ஜ் 2020 ஜனவரியிலும் அதை ஏற்றன. ரஸ்ஸலின் உரைக்கும் இந்த நிறைவுக்கும் இடையே எட்டாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு தலைமுறை நிரலாளர்கள் ரியாக்டிலேயே தொழில் கற்று, உலாவி என்ன தருகிறது என்று பார்க்கும் பழக்கமே இல்லாமல் வளர்வதற்கு அது போதுமான காலம்.

பிரேம்வொர்க் இல்லாமல் ஒரு கூறு எப்படி இருக்கும் என்பதற்கு, நிரல் களஞ்சியமான கிட்ஹப் 2014 முதல் பயன்படுத்திவரும் நேரக் குறிச்சொல்லை விடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. 'ரிலேட்டிவ்-டைம்' என்பது அதன் பெயர். இப்படி நிரலாளர் தாமே பதிவுசெய்யும் தன்னுருவாக்கக் குறிச்சொல் எதுவும் தன் பெயரின் நடுவில் ஓர் இணைகோட்டைக் கொண்டிருந்தே தீர வேண்டும் என்பது விதி. எச்டிஎம்எல் எதிர்காலத்தில் சேர்க்கும் பெயர்களோடு மோதாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. குறிச்சொல்லின் ஒரு பண்பாகக் கணினி படிக்கத்தக்க தேதியும், அதன் உள்ளே மனிதர் படிக்கும் சாதாரணத் தேதியும் வழங்கியிலிருந்தே எழுதப்பட்டு வருகின்றன. உலாவி அக்குறிச்சொல்லைப் பக்கத்தில் பொருத்தும் கணத்தில் கூறின் 'கனெக்டட்கால்பேக்' என்ற செயல்முறையைத் தானே அழைக்க, அது தேதியை எடுத்துக் கணக்கிட்டு 'மூன்று மணி நேரத்துக்கு முன்' என்பது போல மாற்றி எழுதுகிறது. பக்கத்திலிருந்து குறிச்சொல் நீக்கப்படும்போது வேறொரு செயல்முறை வந்து, ஓடிக்கொண்டிருக்கும் நேரக்கணக்கை நிறுத்துகிறது. நிரல் வந்து சேராவிட்டால், பழைய வலையின் அந்தத் தாராளப் போக்கின்படி உள்ளே உள்ள சாதாரணத் தேதியே தெரியும், படிப்பவருக்கு நட்டமில்லை. 2018-இல் தன் முகப்பிலிருந்து ஜேகுவெரியை முழுவதுமாகக் கழித்துவிட்ட கிட்ஹப், அதற்கு மாற்றாக எந்தப் பிரேம்வொர்க்கையும் அமர்த்தாமல், உலாவிகள் இடைக்காலத்தில் பெற்றுவிட்ட திறன்களையும் இத்தகைய சிறு கூறுகளையும் கொண்டே சமாளித்தது.

மெலிவை வலியுறுத்துவோரின் வாதம் அழகியல் சார்ந்தது என்று எண்ணினால் அது தவறாகும். 2017-இல் ரஸ்ஸல் ஒரு கணக்கை முன்வைத்தார்: சுமார் 200 டாலர் விலையுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியில், நொடிக்கு 400 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில், ஒரு பக்கம் ஐந்து நொடிக்குள் பயன்படுத்தத் தக்கதாக வேண்டுமானால், முதலில் இறங்க வேண்டிய அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 130 முதல் 170 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், ஜாவாஸ்கிரிப்டின் பங்கு கூடக்கூட இந்த வரம்பு இன்னும் சுருங்கும். காரணம், ஒரே அளவுள்ள படத்தைவிட நிரல் பன்மடங்கு செலவு வைக்கும். இறங்கிய பின் அதைப் பாகுபடுத்தி, மொழிமாற்றி, இயக்கும் வேலை முழுவதும் கைபேசியின் சில்லின் மீதே விழுகிறது. நிரல் எழுதுபவரின் விலையுயர்ந்த மடிக்கணினியில் இந்தச் செலவு தெரிவதே இல்லை. சென்னையிலோ நைரோபியிலோ மலிவுக் கைபேசி வைத்திருப்பவரிடமிருந்துதான் அது வசூலிக்கப்படுகிறது.

மறுதரப்பினர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஸ்வெல்ட் என்ற கருவியை உருவாக்கிய ரிச் ஹாரிஸ், வலைக்கூறுகளைத் தாம் ஏன் பயன்படுத்துவதில்லை என்று 2019-இல் எழுதியபோது, நிரல் ஓடும்வரை வெறுமையாக நிற்கும் கூறுகளை முக்கியக் குறையாகச் சுட்டினார். ஷேடோ டாமை நிரல் இல்லாமல் எச்டிஎம்எல்-இலேயே எழுதும் வசதி இதற்கு விடையாக வந்து, 2024 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றபோதுதான் எல்லா முக்கிய உலாவிகளிலும் நிறைவுற்றது. தன்னுருவாக்கக் குறிச்சொல் படிவங்களில் உள்ளீடாகப் பங்கேற்கும் வசதிக்கு சஃபாரி பயனர்கள் 2023 மார்ச் வரை காத்திருந்தனர். மறைவிடத்தின் சுவரைத் தாண்டி ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பைப் பெயரிட்டுச் சுட்ட முடியாததால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புக் கருவிகளுக்கு எழும் தொல்லை எளிதில் தீர்வதாக இல்லை.

ஏற்கெனவே உள்ள பொத்தானையோ பட்டியலையோ அப்படியே விரிவாக்கும் முறையை, வகுப்பமைப்பின் அடிப்படைக் கொள்கைக்கு அது முரணானது என்று கூறி ஆப்பிளின் உலாவிக் குழு தொடக்கம் முதலே மறுத்துவருகிறது; குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றும் பயனில்லை, ஐஃபோன் வைத்திருப்பவரைக் கைவிட எந்தத் தளமும் துணியாது. எனவே மெலிந்த நிரலை விரும்புவோர் அந்தப் பொத்தானை மாற்றாமல், இணைகோடிட்ட தம் குறிச்சொல்லால் அதைச் சூழ்ந்து, வெளியிலிருந்து அதற்கு நடத்தையை மட்டும் ஊட்டுகின்றனர். ஷேடோ டாமைப் பெரும்பாலும் தொடாத இவ்வழிக்கு 2023 அளவில் 'எச்டிஎம்எல் வலைக்கூறு' என்ற பெயர் பரவியது. கிட்ஹப்பின் நேரக் குறிச்சொல் அதற்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது. ஃபயர்ஃபாக்ஸோ, தன் முகப்பைத் தாங்கிநின்ற எக்ஸ்பிஎல் பிணைப்புகளை ஒவ்வொன்றாக இந்தத் தரநிலைக் கூறுகளாக மாற்றி, அந்தப் பழைய மொழியை 2019-இல் முழுவதுமாகக் கைவிட்டது.