கல் கூறும் வரலாறு

மனிதனை வருத்தும் பிணிகளுள் கல்லடைப்பைப் போல் நெடிய வரலாறு உடையவை சிலவே. எகிப்து நாட்டின் எல்-அம்ரா என்னுமிடத்தில், வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்த இளைஞனின் இடுப்பெலும்புகளுக்கிடையே சிறுநீர்ப்பைக் கல்லொன்று கிடந்ததை 1901இல் எலியட் ஸ்மித் என்னும் அறிஞர் அறிவித்தார். அதன் நடுவே யூரிக் அமிலமும், அதனைச் சுற்றிக் கால்சியம் ஆக்ஸலேட்டும் பாஸ்பேட்டு உப்புகளும் அடுக்கடுக்காய் அமைந்திருந்தன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் மண்ணுள் அழியாதிருந்த அக்கல், 1941இல் இலண்டன் மாநகர்மீது வீழ்ந்த குண்டுகளால் அழிந்தது. உடலுக்குள் விளைந்த அந்தச் சிறு பொருள் தன்னை ஈன்ற உடலைப் பற்றி எத்துணைச் செய்திகளைத் தாங்கியிருந்தது என்பதே நாம் இங்கு எண்ணத்தக்கது.

பழைய மருத்துவர்கள் இப்பிணியை நன்கறிந்திருந்தனர். சுசுருதர் கற்களை நான்கு வகையாகப் பகுத்தார். நம் சித்த மருத்துவர் இதனைக் கல்லடைப்பு என்றே வழங்கினர். கிரேக்கர்தம் மருத்துவ உறுதிமொழி, கல்லுக்காகக் கத்தி எடுப்பதைப் பொது மருத்துவனுக்கு விலக்கிற்று. அத்துணை இடர் மிக்கதாயிருந்தது அச்சிகிச்சை.

இத்துறையில் முஸ்லிம் ஹகீம்கள் ஆற்றிய பணி நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. ரய் நகரத்து அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (865–925), சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் உண்டாகும் கற்களுக்கெனவே தனி நூல் யாத்தார். அந்நூலின் அரபு மூலம் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1896இல் லெய்டன் நகரில் அச்சேறியது. குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவீ, முப்பது பகுதிகளைக் கொண்ட தம் 'அத்-தஸ்ரீஃப்' நூலில், சிறுநீர்ப்பாதையில் சிக்கிய கல்லைத் துளைத்து உடைக்கும் நுண்கருவியை விளக்கினார். பிசுபிசுப்பான பொருள் வெப்பத்தால் இறுகிக் கல்லாகின்றது என்பது அக்காலத்து மருத்துவக் கொள்கை. அப்பொருள் யாதென்று பகுத்தறியும் இரசாயனக் கலை அப்போது பிறக்கவில்லை.

அக்கலை பிறந்ததும் கல் தன் மறையை அவிழ்க்கலாயிற்று. 1776இல் ஸ்வீடன் நாட்டு ஷீலே, சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். 1797இல் இங்கிலாந்தின் வொல்லாஸ்டன், கல் எல்லாம் ஒரே பொருளால் ஆனவையல்ல என நிறுவினார். 1810இல் அவரே புதுவகைக் கல்லொன்றைக் கண்டார். அதன் பொருளே பின்னர் 'சிஸ்டின்' எனப் பெயர் பெற்றது.

இன்று நாம் அறிந்த வகைகள் இவை. சிறுநீரகக் கற்களிற் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. இதன் ஒருவகை கடினமாய்க் கருத்திருக்கும். மற்றொரு வகை கூர்முனைப் படிகங்களாய் இருக்கும். பின்னதன் கனிமப் பெயர் 'வெட்டலைட்'. தென்துருவத்தை அடுத்த வெட்டல் கடலின் அடிவண்டலில் இக்கனிமம் காணப்பட்டமையால் அப்பெயர் வந்தது. கடலடியிலும் மனித உடலிலும் இயற்கை ஒரே விதியால் படிகம் சமைக்கின்றது போலும்! அடுத்தவை கால்சியம் பாஸ்பேட்டுக் கற்கள். யூரிக் அமிலக் கல், சிறுநீரில் அமிலத்தன்மை மிகும்போது விளைவது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் இது தென்படாது. 'ஸ்டுருவைட்' என்பது, யூரியாவைச் சிதைக்கும் கிருமிகளின் தொற்றால் வளர்ந்து, மான்கொம்பு போல் கிளைத்துச் சிறுநீரகத்தையே நிரப்பவல்லது. சிஸ்டின் கல் பரம்பரைக் குறையால் வருவது.

கல்லை இரண்டாக அறுத்துப் பார்ப்பின் அதன் கட்டமைப்பு விளங்கும். நடுவே ஒரு கரு. அதனைச் சூழ்ந்து மரத்தின் வளையங்கள் போன்ற அடுக்குகள். படிகங்களுக்கிடையே சிறிதளவு புரதப் பொருள். 1937இல் அமெரிக்க மருத்துவர் அலெக்ஸாண்டர் ராண்டல், சிறுநீரகத்தின் உள்முனைகளில் சுண்ணப் படிவுகள் உண்டென்றும், கல் அவற்றின்மேல் பற்றி வளர்கின்றதென்றும் காட்டினார். படிக இயல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேல், 1968இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவகைப் படிகம் மற்றொரு வகைக்குப் படுகையாக அமைவதை ஆராய்ந்தார். ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்துச் சிறுநீரின் நிலையைக் குறிக்கின்றது. கல், உடல் தன் கையால் எழுதிய கணக்கேடு அன்றோ!

அக்கணக்கை வாசிக்கும் முயற்சி நம் தமிழகத்திலும் நடந்தது. நீலகிரியின் குன்னூரில் சர் இராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குப் பல்வகை உணவளித்து ஆராய்ந்தார். வடமேற்கு இந்தியாவில் கல் மிகுந்திருந்தது, தென்னகத்தில் குறைந்திருந்தது. இது ஏன் என்பதே அவரது வினா. தானியமே மிகுந்து, வைட்டமின் 'ஏ' குறைந்த உணவுண்ட எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் தோன்றியது. பால் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. 1931இல் இம்முடிவுகளை வெளியிட்டார். குன்னூரில் வளர்ந்த அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

அன்றைய கல், வறிய வீட்டுக் குழந்தையின் சிறுநீர்ப்பையில் விளைந்தது. ஊட்டம் பெருகப் பெருக அது அருகிற்று. இன்றைய கல்லோ, உழைக்கும் வயதினரின் சிறுநீரகத்தில் விளைகின்றது. இம்மாற்றத்தை எண்ணும்போது நம் பார்வை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை நாடுகின்றது. ஏரிகளும் கழனிகளும் சூழ்ந்திருந்த அந்நிலத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் பெரும் கார் ஆலைகள் இயங்கத் தொடங்கின. இன்று பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞரும் இளம்பெண்களும் அங்கே முறைவேலை பார்க்கின்றனர், விடுதிகளில் தங்குகின்றனர். நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உளர்.

வெப்பமிக்க இடத்தில் உழைப்பவனின் நீர் வியர்வையாய் வெளியேறுகின்றது. அதனை ஈடுசெய்யாவிடின் சிறுநீர் குறைந்து செறிகின்றது. கரைந்திருந்த உப்புகள் படிகமாகின்றன. அத்தொழிற்பகுதிக்கும் சென்னைக்கும் இடையே போரூரில் உள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தென்னிந்திய எஃகு ஆலையொன்றின் தொழிலாளரை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் உழைப்போரிடையே சிறுநீரகக் கல்லின் அபாயம் மிகுதி என 2020இல் வெளியிட்டனர். கழிப்பிட வசதி போதாத பணியிடங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் துயரத்தையும் அவர்கள் 2016இலேயே எடுத்துரைத்தனர். ஆக, கல்லின் உட்பொருள் கால்சியமும் ஆக்ஸலேட்டுமாயினும், அதனை விளைவிப்பதில் பருகாத தண்ணீருக்கும் பெரும் பங்குண்டு.

இது புதிதாய்க் கண்ட நீதியன்று. 250 தொழிலாளருக்கு மேற்பட்ட ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டுமென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது, கழிப்பிடங்களையும் கட்டாயமாக்கிற்று. இத்தாலியின் பார்மா நகரில், முதன்முறை கல் கண்ட 199 பேரை ஐந்தாண்டுகள் கண்காணித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாக நீர் பருகியோருள் நூற்றுக்குப் பன்னிருவர்க்கும், மற்றையோருள் நூற்றுக்கு இருபத்தெழுவர்க்கும் கல் மீண்டது. தண்ணீரின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனவே நம் இல்லத்தார் சில செய்திகளை மனங்கொள்ள வேண்டும். வெளியேறிய கல்லை எறிந்துவிடாது மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். யூரிக் அமிலக் கல்லை மருந்தால் கரைக்கலாம். தொற்றால் வந்த கல்லை முற்றும் அகற்றவேண்டும். சிஸ்டின் கல்லாயின் உடன்பிறந்தாரையும் சோதிக்கவேண்டும். கால்சியம் கல் என்றதும் பாலை அறவே ஒதுக்குவோர் பலர், அது தவறு. உணவின் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பற்றி வெளியேற்றுகின்றது, குறைக்கவேண்டியது உப்பையே. எந்தக் கல் என்றறியாமல் எல்லாவற்றுக்கும் வாழைத்தண்டுச் சாற்றையே நம்பியிருத்தலும், வலியுடன் காய்ச்சல் கண்டும் காலம் தாழ்த்துதலும் கேடு தரும்.

ஆலைக்குச் சென்ற மகனோ மகளோ தொலைபேசியில் பேசும்போது, சம்பளம் வந்ததா என்று கேட்கின்றோம். சாப்பிட்டாயா என்று கேட்கின்றோம். தண்ணீர் குடித்தாயா, குடிக்கவும் கழிக்கவும் நேரம் தருகின்றார்களா என்ற கேள்வியையும் அவற்றோடு சேர்ப்போம். இல்லை என்ற விடை வருமாயின், அதனை ஆலையார் செவியில் உரக்கச் சொல்வதும் நம் கடமையே.