கலங்கலைத் தாண்டாத பையனும் 248 வாக்கியங்களும்

போன மாசம் ஒரு குட்டி கேம் எழுதினேன். எங்க தென்னேரி ஏரிக் கலங்கலை ஒரு பையன் தாண்டணும், அவ்வளவுதான் கதை. என் பழைய கணினியில் ஜம்முனு தாண்டினான். அக்கா பையனோட புது லேப்டாப்பில் போட்டா, தொபுக்கடீர்! "மாமா, உங்க ஹீரோவுக்கு முதல்ல நீச்சல் கத்துக்குடுங்க"ன்னு நக்கல் வேற.

கேமுக்குள்ள ஒரு வளையம் ஓயாம சுத்திக்கிட்டே இருக்கும். போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சோ, அந்த அளவுக்குப் பையனை நகர்த்தும். மெதுவான மிஷினில் ஒவ்வொரு எட்டும் பெருசு. புவியீர்ப்பு வேகத்தைக் குறைக்கிறதுக்குள்ள பழைய வேகத்திலேயே கொஞ்சம் கூடுதலா ஏறிடறான். வேகமான மிஷினில் கணக்கு ஓரளவு சரியா வருது, பையன் விழறான்.

பெரிய ஆளுங்களும் சறுக்கின இடம்தாங்க இது. 1999ல வந்த குவேக் 3ல விநாடிக்கு 125 படம்னு வச்சுக்கிட்டா கூடுதல் உயரம் குதிக்கலாம். எல்லாம் பின்னத்தை முழு எண்ணாக்கினதால வந்த வினை.

மருந்து என்னன்னா, எட்டு அளவை மாத்தக்கூடாது. விநாடியைச் சமதுண்டா வெட்டி, சேர்ந்த நேரத்துல எத்தனை முழுத்துண்டு இருக்கோ அத்தனை தடவை கணக்குப் போட்டு, மிச்சத்தை அடுத்த சுற்றுக்குக் கொண்டு போகணும். 2004ல க்ளென் ஃபீட்லர் இதைப் பத்தி எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம். எங்க ஊர்ப்பக்கம் தறியில உட்கார்ந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. கை வேகமா ஓடினா சேலை சீக்கிரம் முடியும், பார்டர்ல இருக்கிற மாங்கா பெருசாகாது!

இதைப் படிச்சப்ப எனக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான் ஞாபகம் வந்துச்சு. நிலா ஒரே வேகத்துல ஓடாது. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம், தள்ளிப் போனா மெதுவு. கிட்ட வந்து மறுபடி கிட்ட வர சுமார் 27.55 நாள். 9 சுற்றுக்கு ஏறக்குறைய 248 நாள். ஒரு நாள் ஒரு எட்டு, எட்டுக்கு ஒரு வாக்கியம். ஆக 248 வாக்கியம், வரருசி பேர்ல வழங்குது. எண்ணுக்குப் பேரே 'தேவரம்'. கடபயாதி முறையில தே 8, வ 4, ர 2, பின்னாலிருந்து படிச்சா 248!

ஆனா 248ல 9 சுற்று கச்சிதமா அடங்காது. துளி இடிக்கும். அதனால நாள் கணக்கை முதல்ல 12,372ஆல வகுத்து, மிச்சத்தை 3,031ஆல வகுத்து, அதோட மிச்சத்தை 248ஆல வகுப்பாங்க. கடைசி மிச்சம்தான் வாக்கிய எண். மிச்சத்தைத் தூக்கி எறியாத அதே புத்தி. (உடனே 'கேம் எஞ்சினை அன்னிக்கே கண்டுபிடிச்சோம்'னு யாரும் கிளம்பிடாதீங்க சாமி.)

1825ல சென்னையில அச்சான 'காலசங்கலித'த்தில ஜான் வாரன் ஒரு சம்பவம் எழுதியிருக்கார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருத்தர் தரையில சோழி பரப்பி, மனப்பாட அட்டவணையை வச்சே அந்த வருஷம் மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டினாராம். தொடக்கத்துல பிசகு 4 நிமிஷம்தான். முடிவுல 52 நிமிஷம்.

எட்டு சரி, மிச்சமும் சரி, ஆனா வாக்கியம் வானத்தை நிமிர்ந்து பார்க்கிறதே இல்ல. சென்னை வானாய்வகத்துல முதல் உதவியாளரா இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ல ஆர் ரெட்டிகுலிங்கிற மாறும் விண்மீனைக் கண்டுபிடிச்சவர், இதுக்காகத்தான் வானத்தோட ஒத்துப்போற திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். சண்டை இன்னும் தீரல. 2023 சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. கிட்டத்தட்ட ஒரு வருஷம்!

கேமுக்கு ரெண்டு பேரும் வேணும். மாறாத எட்டுக்கு வரருசி, ஒவ்வொரு சுற்றிலும் நிஜக் கடிகாரத்தைப் பார்க்க ரகுநாதாச்சாரி. ராத்திரி உட்கார்ந்து திருத்திட்டேன். இப்ப ரெண்டு கணினியிலும் ஒரே மாதிரிதான் ஓடுது... ரெண்டுலயும் தண்ணிக்குள்ள விழறான் :-(

கலங்கலை நாலு பிக்சல் குறுக்கிட்டேன். அக்கா பையன்கிட்ட சொல்லிடாதீங்க.